புளூடூத் வேண்டாம் என்றவன்

அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் கத்திரி. கணினியை உள்ளிருந்து ஓட்டுகிற கெர்னல் என்ற மென்பொருளில் வேண்டாத வசதிகளை வெட்டி, இளைக்க வைத்துத் தருவதுதான் பிழைப்பு. பழகிய கை சும்மா இருக்குமா? வீட்டு மடிக்கணினியிலும் விளையாடிவிட்டது. அம்மா அதில் அக்காவோடு பேசுவாள், அவ்வளவுதான். அதற்கு எதற்கு இத்தனை சுமை என்று வெட்டித் தள்ளினான். புளூடூத்தும் அதோடு போனது. போனதை அவன் மறந்தும் போனான்.

அம்மாவுக்குக் காது மந்தமானதும், வெளியூரிலிருக்கும் அக்கா கம்பியில்லாத ஹெட்போன் ஒன்று வாங்கி அனுப்பினாள். அது கணினியோடு சேரவே மாட்டேன் என்றது.

"என்னடா, பச்சை லைட்டே வரமாட்டேங்குது?"

"மட்டமான சரக்கும்மா. அக்காவுக்குப் பாத்து வாங்கத் தெரியல. ஞாயித்துக்கிழமை பாக்கறேன், விடு."

ஞாயிறுகள் வந்து போயின. அவனுக்குத்தான் நேரமில்லை. மகள் ஆசையாக வாங்கித் தந்தது வீண் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. ஓசை வராத ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் தெரிந்த முகத்துக்குத் தலையாட்டினாள். நடுநடுவே "சந்தோஷம்மா" என்றாள். அக்காவின் அழைப்புகள் குறைந்து, ஒருநாள் நின்றே போயின.

ஒரு மதியம் மேசையை ஒழிக்கையில், ஏதோ நினைப்பில் அந்த ஹெட்போனைத் தன் போனோடு இணைத்துப் பார்த்தான். சட்டென்று பச்சை விளக்கு எரிந்தது. அப்படியானால் கோளாறு ஹெட்போனில் இல்லை. மடிக்கணினியில் கெர்னல் அமைப்பைத் திறந்தான். புளூடூத்துக்கு நேரே 'வேண்டாம்' என்றிருந்தது. அதை 'வேண்டும்' என்று மாற்றி, கெர்னலைப் புதிதாகத் தொகுத்து, கணினியை மறுபடி கிளப்பினான். இந்த அற்ப வேலைக்கா இத்தனை மாதம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"தப்பு என்மேலதாம்மா. அக்கா மேல பழி போட்டுட்டேன். இப்பப் பேசு."

அவனே அக்காவை அழைத்தான். சத்தத்தை முழுக்கக் கூட்டியிருந்ததால், பக்கத்தில் நின்ற அவனுக்கும் அவள் குரல் கேட்டது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாக் கேக்குதுடி. மாப்பிள்ளை எங்க, ரொம்ப நாளாக் கண்ணுலயே படலையே?"

அக்காவின் முகம் திரைக்கு அருகே வந்தது.

"அவரை விட்டுப் பிரிஞ்சு வந்துட்டேன்னு அன்னைக்கே சொன்னேனேம்மா. அழக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னேன். நீ சந்தோஷம்னு சொல்லிட்டே."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்து மகனைப் பார்த்தாள்.