பக்கத்து இருக்கையின் பிரேக்

தெருவில் எல்லோரும் அவளைப் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சொந்தமாக ஒரு சின்ன வெள்ளைக் கார். அதன் கூரையில் 'பழகுபவர்' என்று எழுதிய மஞ்சள் பலகை. ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக். அதை மாட்டிக்கொடுத்தவன் மெக்கானிக்காக இருக்கும் அவளுடைய தம்பி.

அவளிடம் பழக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். வேறு இடத்தில் திட்டு வாங்கி, அழுது, இனிமேல் கார் பக்கமே போவதில்லை என்று சபதம் போட்டுவிட்டு வந்தவர்கள் அதில் பாதி. பிரேக்கக்கா யாரையும் திட்டியதில்லை. எதிரே லாரி வரும்போது, "அவருக்கு வழி விட்டா நம்ம மரியாதை ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று சாதாரணமாகச் சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கால் மெல்ல அமுக்கியிருக்கும். நிறுத்தியது தானல்ல, அக்கா என்பது வண்டி நின்ற பிறகுதான் பழகுகிறவளுக்குப் புரியும்.

அவளுக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன.

ஒன்று, வண்டியை எடுப்பதற்கு முன்னால் செய்வது. ஓட்டப்போகிறவள் பிரேக்கை அமுக்கிப் பார்த்து, "பிரேக் பிடிக்குது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. அதன் பிறகு அக்கா தன் பக்கத்துப் பிரேக்கை அமுக்கி, அவளும் "பிரேக் பிடிக்குது" என்பாள். இரண்டு குரலும் கேட்ட பிறகுதான் சாவி கைமாறும்.

"என்னக்கா இது, தினமும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நேத்து பிடிச்சது இன்னிக்கும் பிடிக்கும்னு அது எனக்கு எழுதிக் கொடுக்கலையே."

இன்னொன்று, பாடம் முடிகிற விதம். இவள் இனித் தனியாக ஓட்டுவாள் என்று மனதில் பட்டுவிட்டால் அக்கா அதைச் சொல்லமாட்டாள். ஓடுகிற வண்டியில் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவ்வளவுதான். அதைக் கவனித்துவிட்டு அலறியவர்கள் உண்டு.

"காலைக் கீழே போடுங்கக்கா! பயமா இருக்கு!"

"எனக்கு இப்படி வசதியா இருக்கு. நீங்க ஓட்டுங்க."

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளின் கணவருக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடத் தெரியாது. அவர் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர். "வீட்ல ரெண்டு பேரும் ஓட்டினா பின்சீட்ல யாரு தூங்கறது?" என்று கேட்பார்.

அப்புறம் ஊரெங்கும் தொற்றுநோய் வந்தது. ஒரே வீட்டைச் சேராதவர்கள் ஒரே காரில் உட்காரக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அவள் பழகுகிறவர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அடுத்த வாரமும் கூப்பிட்டு அதையே சொன்னாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கொட்டகையையும் பூட்டினார்கள். கணவருக்குச் சம்பளம் என்ன ஆகும் என்று கேட்டதற்கு முதலாளி, "பாத்துக்கலாம்" என்றார்.

பேட்டரி செத்துப்போகாமல் இருக்கத் தினமும் காலையில் கீழே இறங்கி வண்டியை உறுமவிடுவாள். அதற்கு முன்னால் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து, "பிரேக் பிடிக்குது." இறங்கிச் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பிரேக் பிடிக்குது."

ஜன்னலிலிருந்து மகள் கேட்டாள். "அம்மா, யாருகிட்ட பேசறே?"

"வண்டிகிட்ட."

"என்ன சொல்லுது?"

"பிடிக்குதாம்."

மேலே வந்தால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவாள். அழவில்லை, கோபப்படவில்லை. டீ வைத்தால் குடித்தாள். வைக்காவிட்டால் கேட்கவில்லை. மகள் கொதிக்கிற பாத்திரத்தை இறக்கும்போது மட்டும் மேசைக்கு அடியில் அவள் வலது கால் தரையை அமுக்கும். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுபோயிற்று. பாத்திரம் கைதவறி விழுந்த அன்றுகூடக் கால் அசையவில்லை. விழுந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

வாடகை நின்றிருந்தது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம், "உடம்பு பரவாயில்லையா?" என்று மட்டும் விசாரித்தாள். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு, அரசு உத்தரவால் வருமானம் நின்றிருந்தால், மாதாமாதம் நிவாரணம் உண்டு என்று டிவியில் சொன்னார்கள். கணவருக்கு அது கிடையாது; அவர் இன்னொருவரிடம் சம்பளத்துக்கு இருப்பவர். ஆகவே வீடு முழுவதும் அவளுடைய மனுவின்மேல் உட்கார்ந்துகொண்டது. மகள் போனிலேயே எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. மறுநாளும் அதுவே இருந்தது. அதற்கு மறுநாளும்.

"இன்னிக்கும் பரிசீலனைதான்மா."

"துணிக்கடையில உங்கம்மா கூட இவ்வளவு நேரம் யோசிச்சதில்ல" என்றார் கணவர்.

வீட்டுக்காரம்மா உடம்பைப் பற்றி ஒரே நாளில் இரண்டு தடவை விசாரித்த வாரத்தில், பிரேக்கக்கா மருந்துக்கடைக்குப் போனாள். வெளியே வரமுடியாதவர்களுக்கு வீட்டுக்கே மருந்து அனுப்ப அவர்களுக்கு வண்டி தேவைப்பட்டது. கடைக்காரர் சம்மதித்தார். ஒரே ஒரு சிக்கல். பயிற்சி வண்டியில் சரக்கு ஏற்றினால் இன்சூரன்ஸ் செல்லாது. பலகையையும் இரண்டாவது பிரேக்கையும் எடுத்துவிட்டு வரச் சொன்னார்.

தம்பி சாமான் பையோடு வந்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றான்.

"கழட்டறது ஒரு டீ குடிக்கிற நேரம்க்கா. நல்லா யோசிச்சியா?"

"யோசிக்க என்னடா இருக்கு?"

"நான் ஆசையா மாட்டினது."

"கழட்டறதும் நீதானே. வேத்து ஆள் கையா படப்போகுது?"

அவன் குனிந்து வேலையைப் பார்த்தான். பெடல் வந்தது. அதை ஓட்டுகிறவர் பிரேக்கோடு இணைக்கும் கம்பி வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது நைஞ்சு போச்சுக்கா. திரும்ப மாட்டறப்ப புதுசாப் போட்டுக்கலாம்" என்று பழைய இரும்போடு போட்டுவிட்டான். பெடலைத் துணியில் சுற்றிச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைத்தார்கள். திருகாணி இருந்த ஓட்டைகளை ரப்பர் விரிப்பு மறைத்துக்கொண்டது.

மருந்து வேலையில் பேச ஆள் இல்லை. பெட்டிகளைப் பக்கத்து இருக்கையில் அடுக்கி, சரியாமல் இருக்க பெல்ட் மாட்டிவிடுவாள். வாசலில் வைத்து மணியை அடித்துவிட்டுத் தள்ளி நிற்பாள். கதவு திறந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து பையை எடுத்துக்கொள்ளும். சில வீடுகளில் அவளிடம் பழகியவர்கள் இருந்திருக்கலாம். வாயை மூடியிருந்த துணியில் அவர்களும் அவளைக் கண்டுபிடிக்கவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை நிவாரண அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இதே வாக்கியத்தைப் பல பேரிடம் சொல்லித் தேய்ந்துபோன ஒரு ஆண் குரல்.

"உங்க மனு எல்லாம் சரியா இருக்கு மேடம். ஒரே ஒரு பார்வையிடல் பாக்கி. வண்டி பயிற்சி வண்டியாவே இருக்கான்னு நான் வீடியோல பாக்கணும். தொழில விட்டுட்டு வண்டிய வேற வேலைக்கு மாத்தினவங்களுக்கு இந்தத் திட்டத்துல இடமில்ல. மதியம் கூப்பிடறேன், தயாரா இருங்க."

தம்பியைக் கூப்பிட்டார்கள். உதிரிபாகக் கடை எல்லாம் மூடிக் கிடந்தது. கம்பி கிடைக்க வழியில்லை. அவன் பெடலை மட்டும் பழைய இடத்தில் முடுக்கி, பின்னால் ஒரு ஸ்பிரிங்கை மாட்டினான்.

"அமுக்கினா கீழே போகும், விட்டா மேல வரும். கேமராவுக்கு அவ்வளவு போதும். கம்பி இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியவா போகுது?"

கணவர் ஸ்டூல்மேல் ஏறிப் பலகையைத் துடைத்து மாட்டினார். இறங்கி வந்து அவளிடம் சொன்னார்: "இந்தா பாரு, நீயா ஒண்ணும் பேசாதே. அவர் என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லு. புரியலைன்னாலும் ஆமா."

"ம்."

"ம் இல்ல. ஆமா."

"ஆமா."

மதியம் போன் வந்தது. மகள் போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தாள். அதிகாரியின் முகம் மூலையில் சிறியதாகத் தெரிந்தது. கண்ணாடி போட்ட, தூங்கி நாளான முகம்.

"பலகை தெரியுது. சரி. உள்ளே காட்டும்மா... ரெண்டாவது பிரேக்... ஆங், இருக்கு. மேடம், நீங்க உக்காந்து ஒரு தடவை அமுக்கிக் காட்டுங்க, முடிச்சுக்கலாம்."

அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். அவ்வளவு நாள் கழித்து அந்த இடம். காலை பெடல்மேல் வைத்து அமுக்கினாள். எதிர்ப்பே இல்லாமல் கால் நேராகத் தரைவரை போயிற்று. இருட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்து இறங்கியதுபோல் இருந்தது.

"பிரேக் பிடிக்கலை" என்றது அவள் வாய்.

போன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெளியே நின்றிருந்த தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அதிகாரி முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார்.

"மேடம், பிடிக்குதான்னு நான் கேக்கவே இல்ல. அமுக்குங்கன்னுதான் சொன்னேன்." பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பதுபோல் கேட்டார்: "மறுபடி கேக்கறேன். இது வேலை செய்யற பிரேக்தானே?"

ஆமாம் என்பதற்கு அவர் வழி விட்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே கணவரின் உதடுகள் அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிக் காட்டின. அவளுடைய கால் இன்னும் தரையோடு ஒட்டிக்கிடந்தது.

"கம்பி இல்ல சார்."

"எப்பலேருந்து?"

"மருந்து எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சதுலேருந்து."

"இது பதிவாகுது மேடம்" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "இதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது." திரை அணைந்தது.

தம்பி கதவைத் திறந்தான். "ஏன்க்கா இப்படிப் பண்ணே? உண்மை பேசினேன்னு எவனாவது வந்து மாலை போடப்போறானா?"

"நான் எங்கடா பேசினேன்? வாய் சொல்லிடுச்சு."

"வாய் யாரோடது?"

அவன் பெடலைத் திரும்பக் கழற்றும்வரை அங்கேயே நின்று பார்த்தாள். வருத்தமாக இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. சாயங்காலம் கொடுக்க வேண்டிய மருந்துப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

முடிவு போனில்தான் வந்தது. மகள் படித்தாள்: "தகுதியில்லை. தொழிலை மாற்றிக்கொண்டவர்."

கணவர், "பரிசீலனை முடிஞ்சுதுல்ல, அதுவே பெரிய விஷயம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் கொட்டகை முதலாளி கூப்பிட்டு, இனிமேல் திறப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார். அதே சமயத்தில் மருந்துக்கடைக்காரர், இன்னொரு ஆள் ஓட்டினால் மதிய நடையையும் தருவதாகச் சொன்னார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணவர் கார் பழகியாக வேண்டும். ஒரே வீட்டு ஆட்கள் என்பதால் தடையில்லை.

பூட்டிய கொட்டகையின் முன்னால் வண்டி நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தது. தரையில் புல் முளைத்திருந்தது. சுவரில் கடைசியாக ஓடிய படத்தின் சுவரொட்டி பாதி உரிந்து, கதாநாயகனுக்கு மூக்குவரைதான் முகம் இருந்தது. அவரை ஓட்டுகிற இடத்தில் உட்காரவைத்தாள்.

"பிரேக்க அமுக்குங்க."

அமுக்கினார். "ம்."

"வாயால சொல்லுங்க."

"பிரேக் பிடிக்குது."

அடுத்தது அவள் முறை. கால் தானாக முன்னால் போயிற்று. ரப்பர் விரிப்புக்குக் கீழே திருகாணி ஓட்டைகள் மட்டும்தான் இருந்தன. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

அவர் அதைப் பார்த்தார். காரணம் அவருக்குத் தெரியும். ஆனாலும், "என்னது, முதல் நாளே காலை மடக்கிட்டே? நான் அவ்வளவு கெட்டிக்காரனா?" என்றார்.

"ரோட்டைப் பாருங்க."

"இங்க ஏது ரோடு? கொட்டகை வாசல்தான் இருக்கு."

"அப்ப வாசலைப் பாருங்க."

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடி கிளப்பினார். இந்தத் தடவை நகர்ந்தது. பிறகு வேகமாக நகர்ந்தது. சுவரொட்டிச் சுவர் கண்ணாடிக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. "சுவர் எங்கயும் போகாது, மெதுவாப் போகலாம்" என்றாள். மடக்கிய வலது கால் தொடைக்கு அடியில் ஒரு தடவை இறுகி அமுக்கியது. அங்கே அமுக்குவதற்குத் தன் தொடை தவிர ஒன்றும் இல்லை. நகம் அழுந்தி வலித்தது.

வண்டி நின்றது. சுவருக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே ஓர் ஆள் நுழையலாம்.

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். அவள் காலைப் பார்த்தார்.

"யாரு நிறுத்தினது?"

"நீங்கதான்" என்றாள். "ரிவர்ஸ் எடுங்க."