மூன்று பூட்டு, ஒரு கறுப்பு ஒயர்

பல்பு மங்கினால் யாரும் பயப்படுவதில்லை. வோல்டேஜ் குறைவு என்று நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் பல்பு மங்கவில்லை, காலை நேரத்தில் திடீரென்று கூடுதலாக எரிந்தது. கொஞ்ச நேரம் அப்படிக் கண் கூச எரிந்துவிட்டு, பழையபடி ஆனது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பல்புக்குப் பயப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பயந்தேன்.

என் பயம் கட்டிலில் படுத்திருந்தது. என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே வந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டுதான் அவர் சாப்பிட்டார், பேப்பர் படித்தார், என்னைக் கேலி செய்தார். சில காலைகளில் ஸ்டெபிலைசர் டக்கென்று வெட்டிக்கொள்ளும். மெஷின் கூவிவிட்டு நின்றுபோகும். நான் அடுப்பில் எது கிடந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறப்பேன். அதற்குள் அவர் உதடு நீலம் பாய்ந்திருக்கும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கையால் சொல்வார்.

வலையபட்டியில் இருக்கும் எங்கள் வீடு மூன்று பங்காளிகளுக்குப் பொது. மூத்தவர், என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன், மலேசியாவில் இருக்கிறார். இரண்டாமவர் சென்னையில். அவர் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்திருந்தார். மீதி அத்தனை தூணுக்கும் அத்தனை கதவுக்கும் நாங்கள் இருவர்தான்.

அந்த நாட்களில்தான் வளவில், வீட்டின் நடு முற்றத்தில், ஒரு வாடை வர ஆரம்பித்தது. மீன் கருகுகிற வாடை. வெயில் ஏறியதும் போய்விடும். சென்னைப் பங்காளியின் ஆளிடம் கேட்டேன்.

"பூனை எங்குட்டாச்சும் மீனைக் கொண்டாந்து போட்டிருக்கும் ஆச்சி. தேடிப் பாக்குறேன்" என்றார். தேடினார். மீனும் இல்லை, பூனையும் இல்லை.

லைன்மேனை வரச் சொன்னோம். மெயின் போர்டில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "லைன் சுத்தமா இருக்கு ஆச்சி. மெஷினைத்தான் பாக்கணும்" என்றார். மெஷினைப் பார்க்கிறவர் மதுரையிலிருந்து வந்து பிரித்துப் பார்த்தார். "மெஷின் சுத்தமா இருக்கு. லைனைப் பாருங்க" என்றார். இரண்டு சுத்தத்துக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மறுபடி லைன்மேன் வந்தார், மறுபடி எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவருக்குக் காப்பி கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

"நீ கிளாசுக்குள்ள நொழஞ்சா புள்ளைக கப்சிப்னு ஆயிரும்ல, அந்த மாதிரிதான்" என்றார் என் வீட்டுக்காரர். "நீ பாக்குறப்ப அது ஒழுங்காத்தான் இருக்கும்."

கேலிக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. அப்படியென்றால், நான் இல்லாத நேரத்திலும் வகுப்பைக் கவனித்து, எவன் எப்போது வாலாட்டினான் என்று எழுதி வைக்கிற ஒரு மீட்டர் வேண்டும்.

காரைக்குடியில் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் பழைய மாணவருக்குத் தம்பி முறை. பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தார். முதலில் காட்டியது ஒரு மஞ்சள் மீட்டர். உச்சபட்ச வோல்டேஜைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் அது எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்லாது. திருடன் வந்தான் என்று மட்டும் சொல்கிற காவல்காரன் எனக்கு எதற்கு? அடுத்தது செல்போனோடு பேசுகிற மீட்டர். போன் திரை அணைந்தால் இதுவும் எழுதுவதை நிறுத்திவிடுகிறது. கடையிலேயே வைத்துப் பார்த்தோம். மூன்றாவது, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் பதிவது. அது பிடித்திருந்தது.

"இந்தக் கேபிளுக்கும் மீட்டருக்குள்ள ஓடுற கரண்டுக்கும் தொடுப்பு இருக்கா?" என்று கேட்டேன்.

"கேபிள்னா ரெண்டு பக்கமும் சேந்துதானே டீச்சர் இருக்கும்!"

அந்தப் பதிலைக் கேட்டதும் மீட்டரைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு முனை மெயின் லைனில், மறுமுனை மடியில் இருக்கும் லேப்டாப்பில். நடுவில் மீட்டர் பழுதானால் வீட்டுக் கரண்டு முழுவதும் என் கைக்கு வந்துவிடும். எனக்கு வேண்டியது, மீட்டரும் கேபிளும் ஒன்றையொன்று தொடாமல் வெளிச்சத்தால் மட்டும் பேசிக்கொள்கிற வகை. மீட்டரின் முதுகில் சின்ன ஜன்னல் இருக்கும். உள்ளே ஒரு விளக்கு மினுக்கும், கேபிளின் தலை அதை வெளியில் இருந்து படித்துக்கொள்ளும். மெயின் போர்டில் வைத்தால் வெடிக்காது என்பதற்கான முத்திரையும் நெற்றியில் இருக்க வேண்டும். பேட்டரி அளக்கிற விளையாட்டுச் சாமான் எனக்கு வேண்டாம். கடைக்காரர் சலித்துக்கொள்ளாமல் வெளியூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்.

முதல் நாள் மாட்டிவிட்டு ஆசையாகப் பார்த்தால், பதிவு கொஞ்ச நேரத்திலேயே நின்றிருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்த மீட்டர் தானாகத் தூங்கிவிட்டதாம். தூங்காதே என்று அதற்குச் சொல்ல, ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே குமிழைத் திருப்ப வேண்டும். அந்தச் செய்தி கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது. அதை எழுதினவரை நான் வைத வசவை இங்கே எழுத முடியாது.

அதன் பிறகு அது தூங்கவில்லை. திரையில் கோடு போட்டுக்கொண்டே போனது. இருநூற்று முப்பதை ஒட்டி நேராகப் போகும் கோடு, காலையில் ஓரிடத்தில் சுவர் ஏறுவது போல ஏறி, மேலேயே கொஞ்ச நேரம் நின்று, பொத்தென்று விழுந்தது. மறுநாளும் அதே மேடு. முந்தின நாளைவிடக் கொஞ்சம் உயரமாக. அதற்கடுத்த நாள் இன்னும் உயரமாக. ஒரு வாரத்து மேடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஏதோ ஒன்று ஒழுங்காக வளர்ந்துகொண்டிருந்தது. அது எவ்வளவு உயரம் போனால் என்ன ஆகும் என்பதைக் கரும்பலகையில் பல வருடம் எழுதிக் காட்டியவள் நான்.

மறுநாள் காலை லேப்டாப் முன்னால் நகராமல் உட்கார்ந்திருந்தேன். பின்கட்டில் மோட்டார் உறுமும் சத்தம் கேட்டது. கோடு ஏறியது. பல்பு பளீரென்றது. மெஷின் கூவியது. சிலிண்டரைத் திறந்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி மோட்டாரை நிறுத்தினேன். திரும்பி வந்து பார்த்தால் கோடு இறங்கியிருந்தது. அது சென்னைப் பங்காளியின் மோட்டார், அவருடைய மீட்டரில் ஓடுவது. அவருடைய ஆளைக் கூப்பிட்டேன்.

"லைன்மேன் வந்தப்ப மோட்டார் ஓடுச்சா?"

"அதெப்படி ஆச்சி? அவுக வந்தா மோட்டாரை நிப்பாட்டிட்டுத்தானே கூட வந்து நிப்பேன். அவுக சொல்றது காதுல விழ வேணாமா?"

மரியாதைக்குச் செய்த காரியம். அவரை என்ன சொல்ல?

சென்னைக்காரர் மோட்டார் ஓடினால் எங்கள் வோல்டேஜ் ஏன் ஏற வேண்டும்? வாசல் போர்டில் போய்ப் பார்த்தேன். மூன்று மீட்டர், மூன்று சிவப்பு ஒயர், திரும்பிப் போகிற கறுப்பு ஒயர் மட்டும் ஒன்றே ஒன்று. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சிவப்பு மூன்றும் தனித்தனி ஃபேஸ்; பொதுவாகத் திரும்பும் வழி தளர்ந்தால், ஒருவர் பக்கம் மோட்டார் இழுக்கும்போது அடுத்தவர் பக்கம் வோல்டேஜ் எகிறும். உள்ளே எங்கோ அந்தக் கறுப்பு ஒயரின் முடிச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது முழுதாக விட்டால் எங்கள் பக்கம் பாயப்போவது வீட்டுக் கரண்டு இல்லை, அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு.

"அப்பச்சி காலத்துல மூணு பேரும் தனித்தனியா மீட்டர் வச்சாக" என்றார் என் வீட்டுக்காரர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கி. "கறுப்பு ஒயருக்கு மீட்டர் ஓடாதுன்னு யாரோ சொல்லிருக்கான். மீட்டர் ஓடாததுக்கு எதுக்குப் பங்குன்னு, கெணறு மாதிரி அதைப் பொதுவா விட்டுட்டாக."

"அது எங்குட்டுப் போயிச் சேருது?"

"படைப்பு வீட்டுல" என்றார். "ஒருத்தர் எடத்துல வச்சா இன்னொருத்தர் சந்தேகப்படுவாகல்ல. பொது ஒயருக்குப் பொது எடம்."

படைப்பு வீடு என்றாலும் அது நடுவில் இருக்கும் ஓர் அறைதான். குடும்பத்தில் இறந்துபோனவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை படைக்கும் புதுச் சேலையும் வேட்டியும் அங்கே மூங்கில் பேழைக்குள் இருக்கும். கதவுக்கு மூன்று பூட்டு, பங்காளிக்கு ஒரு சாவி. படைப்பன்று மூவரும் நின்றுதான் திறக்க வேண்டும். நான் அந்தக் கதவருகே போனேன். மீன் கருகும் வாடை அங்கிருந்துதான் வந்தது. பழைய சுவிட்சுகளின் பேக்லைட் சூடேறினால் அப்படித்தான் நாறும். இத்தனை நாள் எனக்கு அது ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை. பூட்டிய இருட்டுக்குள் துணிப்பெட்டி, தேக்கு உத்தரம், அவற்றுக்கு நடுவே கனன்றுகொண்டிருக்கும் ஒரு முடிச்சு.

மோட்டாரை ஓட்ட வேண்டாம் என்று சொன்னேன். மற்ற கரண்டும் அந்த முடிச்சு வழியாகத்தான் திரும்புகிறது என்பதால், மூத்தவருக்குப் போன் போட்டோம்.

"தம்பி, படைப்புக்குத்தான் அந்தக் கதவு தெறக்கணும். நடுவுல தெறந்தா நம்ம வீட்டுல ஒண்ணு கொறையும். ஒனக்குத் தெரியாததா?"

போனை நான் வாங்கிக்கொண்டேன். "தெறக்காட்டி என்ன கொறையும்னு எனக்குத் தெரியும். படம் அனுப்பியிருக்கேன், பாருங்க."

"பாத்தேன்த்தா. மலை மலையா இருக்கு. வந்து பேசிக்கிருவோம்."

சென்னைக்காரர் தன் சாவியை பஸ்ஸில் கொடுத்துவிட்டார். எலெக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். மூத்தவர் பூட்டை அறுத்துவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரர் முகம் கறுத்தது.

"அண்ணன் வரட்டும்."

"நீங்க இருந்தாத்தானே அண்ணன் வந்து பாக்க முடியும்!"

கத்திவிட்டேன். கத்தியதும் அழுகை வந்துவிட்டது. அவர் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தார். சிறிய சிலிண்டரை நான் தூக்கிக்கொள்ள, வளவைச் சுற்றி மெதுவாக நடந்து வந்து தன் பூட்டைத் தானே திறந்தார். சென்னைப் பூட்டை அந்த ஆள் திறந்தார். மூன்றாவதை எலெக்ட்ரீஷியன் அறுத்தார்.

உள்ளே சுவர் கரியேறிக் கிடந்தது. முடிச்சின் மேல் இருந்த பேக்லைட் மூடி கருகிப் பிளந்து, கனன்ற துண்டுகளாகப் பேழை மேல் விழுந்திருந்தது. மூங்கில் பின்னலைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கி, மேலாக இருந்த சேலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய ஓட்டை.

"பாத்தீகளா? இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வீடே போயிருக்கும்" என்றேன். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம், மறைக்கவில்லை.

அவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது கருகிய பேக்லைட். அவருக்கு அது வேறு. "படைச்ச சேலை எரியக் கூடாது" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

முடிச்சை மாற்றி, மூன்று பேருக்கும் தனித்தனிக் கறுப்பு ஒயர் இழுத்தோம். மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். கோடு அசையவில்லை. மெஷின் அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கூவவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் கேலி செய்வதை விட்டுவிட்டார். சாப்பாடு குறைந்தது. டாக்டர், இது எதிர்பார்த்ததுதான், நுரையீரல் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்றார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். படைப்புக்கு முன்னால், ஒரு மத்தியானம், குழாய் மூக்கில் இருக்க, மெஷின் ஓடிக்கொண்டிருக்க, அவர் போய்விட்டார். அந்த மத்தியானத்தின் பதிவை எடுத்துப் பார்த்தேன். எங்காவது ஒரு மேடு இருக்காதா என்று தேடினேன். கடவுளே, இருக்க வேண்டும் என்றே தேடினேன். நேர்கோடு.

அந்த வருடம் படைப்பு இல்லை. அடுத்த வருடம் மூத்தவர் வந்தார். புதுப் பூட்டு வாங்கி வந்திருந்தார். அறுத்த பூட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை, பங்காளிகள் யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோட்டைக் காட்டிச் சண்டை போட்டிருப்பேன். என் வீட்டுக்காரருக்கென்று எடுத்த வேட்டியைப் படைத்து முடித்து, அவரே பேழைக்குள் வைத்தார். வைத்தவர் கையை எடுக்காமல் சுவரை அண்ணாந்து பார்த்தார். வெள்ளையடித்தும் கரி லேசாகத் தெரிந்தது.

"கரண்டு இப்ப ஒழுங்கா இருக்காத்தா?"

"இருக்கு."

மீட்டரை நான் இன்னும் கழற்றவில்லை. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்ட அறையில், காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில், அது கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. பேட்டரி தீரும்போது மாற்றிவிடுகிறேன்.