தேயாத டயர்கள்

இதைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். தங்கராசு மாமாவைத் தெரிந்த உங்களுக்காக மட்டும் எழுதுகிறேன். அவருடைய பதினாறாம் நாளுக்கு அச்சடித்த நோட்டிஸை எழுதியதும் நான்தான். ‘விபத்தில் காலமானார்’ என்று அதில் இருக்கிறது. மிச்சத்தை எழுத அப்பா விடவில்லை. இப்போது அப்பா தூங்கிவிட்டார். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடம் விட்டு மஸ்கெலியாவில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். “ஒங்க தொரையோட செவப்புக் காரு ஹட்டனுக்கு அங்கிட்டு பள்ளத்துல எறங்கிருச்சாம்” என்றார் பஸ் கொண்டக்டர். தேயிலைத் தோட்டத் துரையின் பங்களாவில் காவல் வாச்சராக இருக்கும் அப்பா, லயத்தில் எங்கள் வரிசை வீட்டு வாசலில் நின்றார். “காருக்குப் பெருசா ஒண்ணும் இல்லையாம்” என்றார். மாமா செத்துப்போனதைப் பிறகுதான் சொன்னார். துரை போனில் சொன்ன வரிசையிலேயே சொன்னார்.

மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. எங்கள் லயத்தில் கடைசி வீடு, துரையின் டிரைவர். அந்தச் சிவப்புக் கார் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்குத்தான் வெளியே வரும். “வருசத்துல மூணு நாள் வேல, மிச்ச நாளெல்லாம் போர்வ போத்திப் படுக்க. அடுத்த பொறப்புல நானும் காராப் பொறக்கணும்” என்பார் மாமி, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு. “பொறந்தாலும் நீ ஸ்டார்ட் ஆக மாட்ட, தள்ளித்தான் விடணும்” என்பார் மாமா.

போன வருடம் துரையின் கொழும்பு நண்பர் ஒருவர் அகலமான அலோய் சக்கரங்கள் கொண்டுவந்தார். மாட்டினால் கார் பறக்கும் என்றார். மாமா ஒன்றை மாட்டி ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினார். டயர் மட்கார்டில் உரசியது. “காலுக்குச் சப்பாத்த பெருசாப் போட்டா வேகமா ஓடலாமுங்களா சார்?” என்றார். துரையே சிரித்துவிட்டார். பழைய கம்பிச் சக்கரங்களே இருக்கட்டும், அதே அளவில் புது டயர் போதும் என்று முடிவானது.

இந்த வருடம் துரைக்குக் கண்காட்சியில் பரிசு வேண்டியிருந்தது. போன வருடம் கழற்றிய, காரோடு வந்த பழைய டயர்கள் ஸ்டோரில் கிடந்தன. அவற்றோடு போனால் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிகம் ஓடாததால் அவற்றின் கோடுகள் தேயவே இல்லை. மாமா என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டு டயரின் பக்கத்தில் அது செய்த தேதியைக் குறிக்கும் எண்ணைக் காட்டினார். “டீச்சரம்மா, எத்தன நம்பரு இருக்கு?” மூன்று என்றேன். “நாலு இருந்தா ரெண்டாயிரத்துக்குப் பெறகு செஞ்சது. மூணுன்னா நீ பொறக்குறதுக்கு முன்ன. தேயலன்னா எளசுன்னு நெனக்கிறாங்க. ரப்பரு சும்மா கெடந்தாலும் கெழடாகும்.”

கண்காட்சியின் விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. வாசித்துச் சொன்னேன். அதே அளவில் புது டயர் போட்டால் புள்ளி குறையாது.

அப்போது துரை வரும் சத்தம் கேட்டது. மாமா என்னை ஸ்டோர்க் கதவுக்குப் பின்னால் தள்ளினார்.

“பழசு வெடிக்கும். இத மாட்டக் கூடாதுங்க சார். புதுசுக்கும் புள்ளி உண்டுன்னு இதுல போட்டிருக்கு.”

“யாரு வாசிச்சது?”

“நாந்தாங்க சார். எழுத்துக் கூட்டி.”

“ஓ, தொர இங்கிலீசு வாசிக்கிறாரா? பழசப் போடு. ஒனக்கு ஏலாட்டி வேற டிரைவர் இருக்கான்.”

மாமா டயரை உருட்டிச் சுவரோடு சாய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, “சரிங்க சார்.”

துரை போனதும் மாமா என்னிடம் சொன்னார்: “நீ இங்க வரல, ஒண்ணும் கேக்கல. போய்ப் பரீட்சைக்குப் படி.”

மறுநாள் துரை ஜீப்பில் முன்னால் போனார். மாமா மழையில் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் போனார். வளைவில் முன் டயர் வெடித்தது.

இப்போது, மாமா யாரையும் கேட்காமல் பழைய டயரை மாட்டிவிட்டார் என்கிறார்கள் பங்களாவில். அப்பாவும் பொலிஸில் அப்படித்தான் சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறார். “அண்ணே, அவரு அப்புடிச் செய்வாரா?” என்று மாமி வந்து கேட்டார். அப்பா குனிந்து அடுப்புக்கு விறகு தள்ளினார். நான் கராஜிலிருந்து வந்ததை அப்பா அன்றே பார்த்திருந்தார். “வாயத் தொறந்தீன்னா நமக்கு இருக்க இந்தக் காம்பராவும் இல்ல” என்று மாமி போனதும் என்னிடம் சொன்னார்.

செத்த வீட்டுக்கு வந்த நீங்களும் நல்ல மனுஷன் என்றீர்கள். வெளியே போய், கொஞ்சம் அவசரக்காரன் என்றீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம். மாமா மேலும் கோபம்தான். தெரிந்துதானே மாட்டினார்? என் வாயையும் தானே அடைத்துவிட்டுப் போனார்?

அவர் சொன்ன ‘சரிங்க சார்’ எனக்கு வேண்டாம். மாட்டக் கூடாது என்று துரையின் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொன்னாரே, அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். நாளைக் காலை மாமியிடம் வாக்குமூலம் எடுக்கப் பொலிஸ் வருகிறது. நானும் போவேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதைச் சொல்வேன். அப்பாவுக்கு என்ன ஆகும் என்று

வெளியே துரையின் ஜீப் வந்து நிற்கிறது. கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழும்பி