மெத்தையக்கா உயரத்துக்கு ஒரு வெயில் மறைப்பு

முட்டை வண்டி ஓட்டுகிற அந்த அம்மாளுக்கு மெத்தையக்கா என்று பெயர். உயரம் நாலே முக்கால் அடி. ஸ்டீயரிங்கைத் தாண்டி ரோடு தெரிய வேண்டுமென்றால் சீட்டில் ஒரு பஞ்சு மெத்தையைப் போட்டுத்தான் உட்கார வேண்டும், அதனால் வந்த பெயர் என்பார்கள் சிலர். அதெல்லாம் இல்லை, அவள் ஓட்டினால் வண்டி மெத்தைமேல் போகிற மாதிரி போகும், அதனால்தான் என்பார்கள் பேக்கரிக்காரர்கள். நானூறு அட்டை, அட்டைக்கு முப்பது முட்டை. இருபத்திரண்டு வருஷமாகப் பண்ணையிலிருந்து நகரத்துக்குக் கொண்டுபோகிறாள். மாதத்துக்கு ஒரு அட்டை உடைந்தால் அதிகம்.

பண்ணை அவளுடைய தம்பியுடையது. பழைய டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட அன்று, “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டுக்கா” என்று சாவியைக் கையில் கொடுத்தான். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. வீட்டில் இருந்தால் நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது அவளைக் கூப்பிடுவார்கள். சட்டை எங்கே, சீப்பு எங்கே, கண்ணாடி எங்கே. கணவருக்குக் கண்ணாடி மூக்கின்மேலேயே இருக்கும், அது வேறு விஷயம். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் மட்டும் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். காலையில் கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

போன வருஷம் வலது கண்ணில் புரைக்கு ஆபரேஷன் ஆனது. பார்வை தெளிவாகத்தான் வந்தது. வண்டி ஓட்டலாம், எதிர் வெயில் மட்டும் கண்ணில் அடிக்கக் கூடாது என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். பண்ணையிலிருந்து நகரம் நேர் கிழக்கே. கறுப்புக் கண்ணாடி போட்டால் மர நிழலுக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. வண்டிக்குள் கண்ணாடிக்கு மேலே மடக்கி வைத்திருக்கும் வெயில் பலகையை இறக்கினால், அவள் உயரத்துக்கு அது மேலேயே நின்றுவிட்டது.

ஒரு புதன்கிழமை, காலை ஏழு மணிக்கு, நகரத்துக்குப் போகிற வழியிலுள்ள பாலத்தில் ஏறினாள். வண்டியின் முன் கண்ணாடியில் இருந்த பழைய கீறல்களும் தூசியும் வெயில் பட்டு ஒரேயடியாகப் பளபளத்தன. முன்னால் வெள்ளை வெளேர் என்று இருந்ததே தவிர, ரோடு இல்லை. தோளில் ஏணியோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பெயின்டரை அவள் பார்த்தபோது, ஏணியின் நுனி கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பிரேக்கை மிதித்தாள். பெயின்டர் பிழைத்தார், திட்டவும் திட்டினார். பின்னால் பன்னிரண்டு அட்டை முட்டை நொறுங்கி மஞ்சளாய் ஒழுகியது.

“போதும்க்கா” என்றான் தம்பி. “வேற டிரைவர் பாத்துட்டேன். ஒரு உயிர் போயிருந்தா என்ன பதில் சொல்லுவோம்?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்குக் கூடுதல் கோபம்.

“வண்டிக்கு வெளியில வெயில் மறைப்பு மாட்டுறேன். கண்ணாடி மேலயே வெயில் விழாது. திங்கக்கிழமை நீயே என்கூட வந்து பாரு.”

“பாலத்துல நீ ஒரு தடவை கண்ணைச் சுருக்கினாக்கூட சாவியக் குடுத்துடணும்.”

“குடுத்துடறேன்” என்றாள்.

வண்டிக்குக் கூடுதல் சாமான் மாட்டுகிறவருக்கு ‘ரெண்டு நிமிஷம்’ என்று பட்டப்பெயர். எந்த வேலையைச் சொன்னாலும் ரெண்டு நிமிஷம் என்பார். பிறகு அரை நாள் ஆகும். ஆள் நெடுநெடுவென்று ஆறடிக்கு மேல். கறுப்பு ஃபைபரில், தொப்பியின் முன்பக்கம்போல வளைந்த ஒரு மறைப்பை எடுத்துவந்தார். வண்டிக் கூரையின் முன் விளிம்பில் நாலு இடத்தில் துளை போட்டார். இரும்புப் பட்டைகளை வைத்து, ரப்பர் வாஷர் கொடுத்துத் திருகி, துளையைச் சுற்றி சிலிக்கான் பசை பூசினார். மழைத் தண்ணீர் இறங்குமா என்று அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றிப் பார்த்தாள். சொட்டுக்கூட இறங்கவில்லை. கடைசியாக அவர் மெத்தையைத் தூக்கி ஓரமாய்ப் போட்டுவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மறைப்பை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துத் திருகை இறுக்கினார்.

“சூப்பரா இருக்கும்மா. இனிமே சூரியனே வந்து கேட்டாலும் உள்ள விடாது.”

சூரியன் கேட்கவே இல்லை, நேரே உள்ளே வந்துவிட்டது. மறுநாள் பாலத்துக்கு முன்பே மறைப்புக்கு அடியில் வெயில் நுழைந்து கண்ணைக் குத்தியது. மெத்தையக்கா வண்டியை ஓரம் கட்டினாள். வெயில் மேலே ஏறட்டும் என்று இருபது நிமிஷம் நின்றாள். பேக்கரிக்காரர் போனில் கத்தினார். அழுகை வந்தது. ஆனால் அழுதால் ரோடு இன்னும் தெரியாதே என்று இறங்கி வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். முட்டைப் பாரத்தில் பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது வண்டி. மறைப்பு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘ரெண்டு நிமிஷம்’ காலி வண்டியில், அவருடைய ஆறடிக்கு அளவு வைத்துவிட்டார்! குள்ளமான ஆள், பாரம் ஏற்றிய வண்டி என்பதெல்லாம் அவர் கணக்கிலேயே இல்லை. பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்த தன்னையும் ஒருமுறை திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியற்காலை, நானூறு அட்டையோடு அவர் கடை வாசலில் வண்டியைக் கிழக்குப் பார்க்க நிறுத்தி ஹார்ன் அடித்தாள். வீட்டின் முன்பக்கம்தான் கடை. பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

“என்னம்மா இந்நேரத்துல? கடை பத்து மணிக்குத்தாம்மா.”

“பத்து மணி வெயில் எனக்கு எதுக்குங்க? ஏழு மணி வெயிலுக்குத்தான் மறைப்பே.”

“மாட்டுனா மாட்டுனதுதான். துளையெல்லாம் போட்டாச்சே!”

“துளை இருந்த எடத்துலயே இருக்கட்டும். பட்டையத்தான் வளைக்கணும். நான் எறங்க மாட்டேன். நான் சொல்றவரைக்கும் மறைப்ப எறக்குங்க.”

ஒற்றைக் காலில் நிற்பது என்று சொல்வார்கள். அவள் மெத்தையில் உட்கார்ந்தே அதைச் செய்தாள். அவர் பட்டைகளைக் கழற்றி, வைஸ் இடுக்கியில் பிடித்து வளைத்து, மறுபடி மாட்டினார். “இன்னும்” என்றாள். கழற்றி வளைத்தார். “இன்னும் கொஞ்சம்.” மூன்றாவது முறை மாட்டும்போது வெயில் ஏறிவந்து சரியாக அவள் கண்ணுக்கு நேரே நின்றது. மறைப்பின் ஓரம் இறங்கி வந்து அதை மறைத்தது. கண்ணாடியின் பளபளப்பு அணைந்தது. தெருமுனை சிக்னல் விளக்கு மூன்றும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். தெரிந்தது.

“இறுக்குங்க” என்றாள். அவர் இறுக்கினார். அந்த வேலைக்கு மட்டும் நிஜமாகவே ரெண்டு நிமிஷம்தான் ஆயிற்று.

திங்கட்கிழமை தம்பி ஏறி உட்கார்ந்தான். அவனும் உயரம்தான், அந்த வீட்டில் உயரத்தையெல்லாம் அவனே வாங்கிக்கொண்டுவிட்டான். ரோட்டைப் பார்க்காமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். பாலம் வந்தது. எதிரே முழுச் சூரியன். அவள் கண் சுருங்கவில்லை, கால் பிரேக்குக்குப் போகவில்லை. முன்னால் போன சைக்கிளுக்கு வழிவிட்டு, நிதானமாக ஒதுங்கித் தாண்டினாள். அவள் நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது. அதை அவனால் பார்க்க முடியாது.

பாலத்தின் நடுவில் அவன் முகத்தைத் திருப்பி முன்னால் பார்த்தான். தலையைத் தாழ்த்தினான். இன்னும் தாழ்த்தினான். கடைசியில் தாடை டேஷ்போர்டில் முட்டுகிற அளவுக்குக் குனிந்தான்.

“அக்கா, எனக்கு அந்தக் கறுப்பு மறைப்புதான் தெரியுது, ரோடே தெரியலையே! இவ்வளவு கீழ எறக்கி வச்சா வேற எந்த டிரைவர் இந்த வண்டிய ஓட்டுவான்?”

“எவனும் ஓட்ட மாட்டான்” என்று சொல்லி, மெத்தையக்கா நாலாவது கியருக்கு மாற்றினாள்.