ஆறாத ரேடியேட்டர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கொன்றும் குறைந்துவிடாது. ஆனால் சரவணமுத்து பொய் சொல்லுகிற மனுசன் இல்லை. இலங்கை மலைநாட்டில் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சராக இருந்தவர். பேய் பிடித்தது என்று யாரையாவது கூட்டிவந்தால், பேதிக்குக் கொடுத்து அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவருக்குத்தான் 1955இல் இது நடந்தது.

அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. இருந்தது ஒரே தங்கச்சி, சரோஜினி. அவளை நல்லவன் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. சிற்றம்பலம் வந்து கேட்டான். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், ஹல்துமுல்லைத் தோட்டம் ஒன்றில் கிளாக்கர்.

“மச்சான், சரோவை எனக்குத் தா. கண்ணுக்குள்ளை வைச்சுப் பாப்பன்.”

ஆவணியில் கலியாணம் முடிந்தது. சீதனம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது போதாதென்று, பண்டாரவளையில் புது வேலை, நடந்தே போய்வரலாம் என்று சொல்லித் தன் மோட்டார் சைக்கிளையும் மச்சானுக்கே கொடுத்துவிட்டான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குச் சைக்கிள் கொடுத்ததை எந்த ஊரில் கேட்டிருக்கிறீர்கள்? சரவணமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அது சாதாரணச் சைக்கிள் இல்லை. சீமையிலிருந்து வந்தது. காருக்கு இருப்பதுபோல முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர். தண்ணீர் விட்டு ஓட்ட வேண்டும். ஓடினால் சத்தமே கேட்காது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோழிகள்கூடச் சக்கரம் கிட்டே வந்த பிறகுதான் பறக்கும்.

ஒரேயொரு குறை. மலை ஏறினால் கொதிக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பழைய தண்ணீரை மாற்ற உட்கார்ந்தார். இரவு முழுக்கக் குளிரில் நின்ற சைக்கிள். இயந்திரம் பனிக்கட்டி போலக் குளிர்ந்திருந்தது. அடியில் இருந்த திருகைக் கழற்றினார். தண்ணீர் கையில் விழுந்தது.

சுட்டது.

கையை உதறிக்கொண்டு எழுந்தார். வாளிக்குள் பார்த்தார். துரு கலந்த தண்ணீர். அதில் ஒரு முடி மிதந்தது. நீளமான முடி. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது...

எங்காவது பீலியில் பிடித்த தண்ணீரோடு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரைத்தான் அந்தப் பக்கத்து லொறிக்காரர்கள் எல்லாரும் விடுவார்கள். குடிக்க அமிர்தம். ஆனால் ஊவா மாகாணத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு. கேத்தலுக்குள் வெள்ளையாகப் பிடிப்பது ரேடியேட்டருக்குள்ளும் பிடிக்கும். அதனால் அவர் தன் மருந்துச்சாலையிலேயே காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டார். கண்ணுக்கு விடும் மருந்து கலக்குகிற தண்ணீர், அதைவிடச் சுத்தம் வேறென்ன?

இரண்டு நாளில் ரேடியேட்டர் வறண்டுவிட்டது. ஒழுக்கு எங்கும் இல்லை.

கூரையிலிருந்து மழைத்தண்ணீர் பிடித்து, காயத்துக்குக் கட்டும் துணியில் வடித்து விட்டார். அதுவும் போய்விட்டது. யார் குடிக்கிறார்கள் என்று பகிடிக்குக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பகிடி அவருக்கே பிடிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை தோட்டத்து மேல் டிவிசனில் நோயாளி பார்த்துவிட்டுத் திரும்பினார். பின்னேரம் ஐந்தரை இருக்கும். மூடுபனி இறங்கிவிட்டது. ஏற்றத்தில் சைக்கிள் கொதித்தது. பீலியடியில் நிறுத்தினார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

சள... சள... சள...

பின்னால் ஒரு குரல்.

“சரவணமுத்து ஐயா...”

திரும்பினார். பனிதான்.

“லொறி வந்திருச்சுங்களா?”

அவர் சைக்கிள் பக்கமாகப் பின்வாங்கினார். கேள்வியால் இல்லை. அந்தத் தோட்டத்தில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கங்காணியிலிருந்து கைக்குழந்தைக்காரி வரை எல்லாருக்கும் அவர் மருந்தையாதான். பெயர் என்ன என்று கேட்டால் பாதி லயம் திருதிருவென்று முழிக்கும்.

“ஆர் பிள்ளை அது? எந்த லயம்?”

பீலிச் சத்தம் நின்றது. தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது... சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

கொதிக்கிற சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். எப்படி வந்தார் என்று அவரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை பதுளைக்குப் போனார். கடைத்தெருவில் இப்றாஹீம் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். சீமையிலிருந்து தகரத்தில் நீலமாக ஒரு திரவம் வருகிறது, தண்ணீரோடு கலந்து விட்டால் எளிதில் கொதிக்காது என்று சரவணமுத்து கேள்விப்பட்டிருந்தார். அதைக் கேட்டார். இப்றாஹீம் சைக்கிளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“மருந்தையா சரவணமுத்து நீங்கதானே?”

“ஓம்.”

“உங்களுக்கு இங்க சாமான் இல்ல. போங்க.”

“ஏன் காணும்? நான் உமக்கு என்ன செய்தனான்?”

இப்றாஹீம் மேசை லாச்சியைத் திறந்தார். ஒரு ரேடியேட்டர் மூடியை எடுத்து மேசையில் வைத்தார்.

“இது உங்கட சைக்கிள்ட பழைய மூடி. ஒரு பொம்புளட கைலேந்து எடுத்தேன். வெரல விரிக்கவே ஏலாமப் போச்சு.”

பிறகு கொட்டித் தீர்த்தார். சித்திரை வருசப் பிறப்புக்கு முந்தின கிழமை, ஹல்துமுல்லை ரோட்டில் லொறியில் வந்திருக்கிறார். பீலியடியில் ஒரு தோட்டத்துப் பெண் குந்தியிருந்தாள். முகம் முழுக்க வெந்து போயிருந்தது. பெயர் பாக்கியலெட்சுமி. ஒரு ஐயாவின் சைக்கிள் கொதித்து நின்றதாம். அவர் அவளிடம் தண்ணீர் கேட்டாராம். சூட்டோடு மூடியைத் திறக்கச் சொன்னதும் அவர்தானாம். ஐயா சொல்லி மாட்டேன் என்பாளா? சேலைத் தலைப்பால் பிடித்துத் திறந்திருக்கிறாள். கொதிநீர் மூஞ்சியில் அடித்துவிட்டது.

“என்ட லொறில ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்னு கெஞ்சினேன். வரல்ல. ‘ஐயா லொறி கூட்டியாறேன்னு போயிருக்காரு. நாந்தான் மருந்தையா சரவணமுத்து, இந்த எடத்த விட்டு அசையாதேன்னு சொன்னாரு. வந்துருவாரு’ண்டா. நான் லயத்துக்குப் போய் ஆக்களக் கூட்டிட்டு வாரதுக்குள்ள முடிஞ்சிட்டா. அந்தப் பேர்ல அந்தப் பக்கம் மருந்தையா இல்லண்டு எல்லாரும் விட்டுட்டாங்க. இன்னக்கி ரேடியேட்டர் வெச்ச அதே சைக்கிள்ல நீங்க வாரீங்க!”

சரவணமுத்து சைக்கிளில் இருந்த மூடியைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்திப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

“சித்திரையிலை... இது என்னட்டை இல்லை, இப்றாஹீம். ஆவணியிலைதான் வந்தது.”

“யாரு தந்த?”

தந்தவன் சிற்றம்பலம். ஒரே வாங்கில் இருந்தவன். என் வீட்டில் கை நனைத்தவன். ஒரு பெண்ணைச் சாகவிட்டு ஓடுகிற அவசரத்தில், அந்தப் பாவிக்கு வாயில் வந்தது என் பெயரா? அதற்குப் பிறகுமா என் தங்கச்சியைக் கேட்டு வந்தான்? சைக்கிளையும் என் தலையில் கட்டினான்? கடை வாசலில், சனங்கள் பார்க்க, சரவணமுத்து குலுங்கி அழுதார்.

இப்றாஹீமுக்கு விளங்கிவிட்டது. தானே குந்தி, நீலத் திரவத்தைக் கலந்து ரேடியேட்டரை நிரப்பி விட்டார்.

“இது கொதிக்காது, மருந்தையா. பயமில்லாமப் போங்க.”

விடிந்ததும் பண்டாரவளைக்குப் போய் அவன் சட்டையைப் பிடிப்பது என்ற முடிவோடு மலை ஏறினார். இருட்டுவதற்குள் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

பீலியடி வந்தது.

கொதித்தது.

நீல ஆவி... பனியோடு கலந்து...

“சரவணமுத்து ஐயா...”

இந்த முறை கிட்டே. தோளுக்குப் பக்கத்தில்.

“லொறி வந்திருச்சுங்களா? எரியுதுங்க...”

திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்.

“நான் இல்லை பிள்ளை! நான் உன்னைக் கண்டதே இல்லை! உன்னை ஏமாத்தினவன் சிற்றம்பலம். பண்டாரவளை. ஸ்டேசனுக்குப் பின்பக்கம் மூண்டாவது வீடு. வாசலிலை பச்சைக் கேற். போய் அவனைக் கேள்!”

ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி அனுப்பிப் பழகிய வாய். பெயர், இடம், அடையாளம் எல்லாம் பிசகாமல் வந்து விழுந்தன.

பிறகு மெதுவாக...

“சரிங்க ஐயா.”

ஈரக் காலடிச் சத்தம் இறங்கிப் போனது. சைக்கிளைத் தொட்டுப் பார்த்தார். அந்த நிமிசமே குளிர்ந்திருந்தது.

அன்றிரவு அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. பச்சைக் கேற் வீட்டில் சிற்றம்பலம் மட்டுமா இருக்கிறான்?

ஐயோ, சரோ!

சைக்கிளைத் தொடவில்லை. பஸ் பிடித்து ஓடினார்.

சரோஜினி கேற்றடியில் நின்றாள். நன்றாகத்தான் இருந்தாள். அண்ணனைக் கண்டதும் சிரித்தாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அவன் எங்கை?”

“நேற்றுப் பின்னேரம் போனவர், இன்னும் வரேல்லை அண்ணை. ஒரு பொம்பிளை இவரைத் தேடி வந்தவ. முகமெல்லாம் சேலையாலை மூடியிருந்தா. பாத்தவுடனை இவருக்கு முகம் வெளிறிப் போச்சு. இவவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும், நான் லொறி கொண்டு வாறன், நீ இவவோடை இரு, வீட்டை விட்டு அசையாதை எண்டிட்டு ஓடினவர்.”

சரவணமுத்து அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். விறாந்தையில் இரண்டு கதிரைகள், எதிரெதிராக. ஒன்றிலும் ஆள் இல்லை. ஒன்றின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. ஆவி எழும்பியது.

“சரோ, வெளிக்கிடு. என்னோடை வா. அவன் இனி வரமாட்டான்.”

அவள் போய் மற்றக் கதிரையில் உட்கார்ந்தாள். தலைப்பை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

“என்ன கதை கதைக்கிறியள் அண்ணை? லொறி கொண்டு வாறன் எண்டவர். கட்டாயம் வருவார்.”

எதிர்க் கதிரையைப் பார்த்துச் சொன்னாள்.

“இவவும் அப்பிடித்தான் சொல்லுறா.”