கறுப்புக் கண்ணாடி போட்டு அளந்த வெளிச்சம்

அத்தானுக்குத் தெருவிளக்குப் பிரிவில் வேலை. எந்தக் கம்பத்து விளக்கு மங்குகிறது, எது தேவைக்கு மேல் எரிகிறது என்று வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டரும் கையுமாகத் தெருத்தெருவாக அளந்துகொண்டு போவார். கம்பத்தின் உச்சிக்குப் போக ஏணி வண்டி உண்டு. அதன் கூண்டு முப்பதடி ஏறும். இருபத்தாறு வருடச் சர்வீஸில் வேலை அவரை அதற்கு மேல் ஏற்றியதில்லை. ஒருமுறை கூண்டு கிளம்பும்போது, "எல்லாரும் சீட் பெல்ட்டைப் போட்டுக்கங்க" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து ஆபீசில் அவர் கேப்டன். அது கிண்டலுக்கு வைத்த பெயர் என்று இதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் அவருக்கு ஒரு விமானம் உண்டு. பின்பக்கத்துச் சின்ன அறையில் பெரிய திரை, கைப்பிடி, காலுக்கு இரண்டு மிதி, பழைய கார் சீட் ஒன்று. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டுதான். ஆனால் "விளையாட்டு" என்று அவர் காதுபட யாரும் சொல்லக்கூடாது. அது பயிற்சி.

நான் இரண்டு வாரம் லீவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது பயிற்சி நின்றுபோயிருந்தது. வெளிச்சம் சரியில்லையாம்.

"மேகத்தைப் பாரு. சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இல்ல?"

எனக்கு மேகம் மாதிரிதான் தெரிந்தது. நிஜ விமானத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு வருகிற ஆள் நான். ஒப்பிட எனக்கு ஏது மேகம்? தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுத் திரையின் வெளிச்சத்தை நூறு வரைக்கும் கூட்டுவார், குறைப்பார், ஒரு நோட்டில் எழுதுவார். "காலை ஏழு மணி, லேசான மூட்டம்: அறுபத்திரண்டு. உச்சி வெயில்: நூறு, போதவில்லை."

அந்தக் கறுப்புத் துணிதான் வீட்டில் சண்டை. அக்கா வக்கீல்களுக்கு அங்கி தைப்பவள். துணி அவளுடைய துணி மூட்டையிலிருந்து போனது. ஜன்னல், வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வரும் ஒரே ஜன்னல். கறுப்புத் துணியில் கறுப்பு நூலை ஓட்டுகிறவள் சாப்பாட்டு மேசையில் குழல்விளக்குக்குக் கீழே கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் மட்டும் இரண்டு அங்கிக் கைகளைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை தம்பி வர்றான்" என்றாள். எங்கள் சித்தப்பா மகன். நிஜமாகவே விமானம் ஓட்டுகிறவன். "அவன் உட்கார்ந்து பார்த்து, நிஜம் மாதிரி இருக்குன்னு சொல்லட்டும். ரூம் உங்களுக்கு. இல்லேன்னா திங்கக்கிழமை என் மெஷின் உள்ள வரும், உங்க ஏரோப்ளேன் கட்டிலுக்கு அடியில போகும்."

"சொல்லாம எங்க போயிடுவான்?" என்றார் அத்தான். ஆனால் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் ஒரு பத்திரிகைப் படத்தில் விமானிகள் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதைப் பார்த்தார். இவரும் ஒன்று வாங்கி வந்து மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான், வேலை மளமளவென்று முடிந்தது. மேகம் மேகமாயிற்று, கடல் கடலாயிற்று. லக்ஸ் மீட்டர் மட்டும் தாறுமாறாக எகிறியது. "பழைய மீட்டர், கிறுக்குப் புடிச்சிருக்கு" என்று அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

ஞாயிறு பிற்பகல் விமானி வந்தான். அத்தான் அவனைக் கார் சீட்டில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, கறுப்புத் துணியை ஒருமுறை நீவிவிட்டுத் திரையைப் போட்டார்.

"ஐயோ!" விமானி கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். "என்ன அத்தான் இது, சூரியனுக்குள்ளயே இறக்கச் சொல்றீங்களா? ரன்வேயே தெரியல!"

"ஏன், எனக்கு நல்லாத் தெரியுதே."

விமானி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். "இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டா வெளிச்சம் வச்சீங்க?"

அத்தான் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். நாள் முழுக்க அங்கேயே இருந்ததால் அவருக்கு அது ஞாபகமே இல்லை. மெல்லக் கழற்றினார், உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் அளக்கிற மனுஷன்!" என்றாள் அக்கா. அவள் பார்வை தையல் மெஷின் போகப்போகிற மூலையை அளந்தது.

அத்தான் நின்ற நிலையைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. விமானிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். எழுந்து ஜன்னல் பக்கம் போனான்.

"இது எதுக்கு?"

"இருட்டா இருந்தாத்தானே படம் நல்லாத் தெரியும்?"

"அத்தான், காக்பிட் என்ன சினிமா தியேட்டரா? பகல்ல அங்க மடி மேல எல்லாம் வெயில் விழும். சுத்தி வெளிச்சம் இருந்தாத்தான் வெளியில இருக்கிறது வெளிச்சமாத் தெரியும். இருட்டு ரூம்ல எவ்வளவு வச்சாலும் கண்ணு கூசும், அவ்வளவுதான்."

துணியை அவிழ்த்தான். பிற்பகல் வெயில் அறைக்குள் வந்து விழுந்தது. திரையில் பட்டுக் கூசாதபடி மேசையைக் கொஞ்சம் திருப்பினோம். அத்தான் இழுப்பறையிலிருந்து மீட்டரை எடுத்தார், இந்த முறை அது சொன்னதைக் கேட்டார். நூறிலிருந்து இறக்கி இறக்கி எழுபதில் நிறுத்தினார்.

விமானி உட்கார்ந்து ஒரு வட்டம் அடித்துத் தரையிறக்கினான். சக்கரம் தரையைத் தொடும்வரை அத்தான் மூச்சே விடவில்லை.

"இப்ப நிஜம் மாதிரி இருக்கு."

"கேட்டியா!" என்றார் அத்தான். "ரூம் எனக்கு!"

"ரூம் உங்களுக்குத்தான். யாரு இல்லேன்னது?" அக்கா அதற்குள் தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டாள். "தம்பி, அந்தப் பக்கம் புடி. ஜன்னலோரமாப் போட்டுடலாம். வெளிச்சம் இருந்தாத்தானே உங்க அத்தானுக்கு நிஜம்?"

அத்தான் வாயைத் திறந்தார். எந்தப் பக்கம் யோசித்தாலும் அவர் ஜெயித்திருந்தார். மூடிக்கொண்டார்.

இப்போது நான் வீடியோவில் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். அவர் தரையிறங்கும் நேரம் பார்த்து அக்கா மெஷினை மிதிக்கிறாள். இன்ஜின் சத்தம் இலவசம் என்கிறார் அத்தான். சீட்டுக்கு அடியில் நூல்கண்டு உருண்டால் மட்டும், "கேப்டன், காலைத் தூக்குங்க!" என்று உத்தரவு வருகிறது. நடுவானில் எத்தனை ஆயிரம் அடியில் இருந்தாலும் கேப்டன் காலைத் தூக்குகிறார்.