ஆயுத பூசைக்கு வைத்த கேம் மிசின்

ஒட்டுசுட்டானில் தங்கராசாவைத் தெரியாத ஆட்கள் இருக்கலாம், அவருடைய வீம்பைத் தெரியாத ஆட்கள் இல்லை. கொஞ்ச வயல், ஒரு பழைய உழவு இயந்திரம், நெற்றியில் எந்நேரமும் ஒரு சந்தனப் பொட்டு, இவ்வளவும்தான் மனிசன். உழவு இயந்திரம் நின்றுவிட்டால் வேறு ஆளைத் தொடவிட மாட்டார். தானே கழற்றி, தானே பூட்டி, மிஞ்சிப்போன ஆணிகளை யன்னலில் வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போவார். அப்படிப்பட்டவர் ஐப்பசி மாதத்தில் சோறு இறங்காமல் திரிந்தார். வயலுக்குள் யானை வந்ததால் அல்ல. மகன் விட்டுப்போன கேம் மிசின் ஒன் ஆகவில்லை.

சிரிக்க வேண்டாம். விசயம் அவ்வளவு லேசானது இல்லை.

தங்கராசாவின் மனைவி வடிவம்மாவுக்கு ஒரேயொரு தம்பி. பெயர் சுதாகரன், வவுனியாவில் கடை வைத்திருக்கிறார். மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்கு அந்தச் சுதாகரனைத் தங்கராசா போனில் கூப்பிட்டார். தாய்மாமனைப் போனில் கூப்பிடுகிறதா! வெற்றிலை பாக்கோடு வாசலில் போய் நின்று சொல்லவேண்டிய விசயம் அது. வயலில் அரிவு வெட்டு நேரம், போக முடியவில்லை என்று தங்கராசா சொன்னது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொன்னால் மாமன்மார் ஆறிவிடுவார்களா? சுதாகரன் வந்தார், முறைக்குச் செய்யவேண்டியதைச் செய்தார், கை நனைக்காமல் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் வருசக்கணக்காய்க் கதை பேச்சு இல்லை. தீபாவளிக்கு அக்காவைப் பார்க்க வருவார், விறாந்தைக் கதிரையில் இருப்பார், பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடிப்பார். மற்றக் கதிரையில் தங்கராசா கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நடுவில் வடிவம்மா தேத்தண்ணியோடு நின்று, வவுனியாவில் மழை எப்படி என்று அத்தான் கேட்கிறார் என்பாள். அத்தான் அப்படி ஒன்றையும் கேட்டிருக்க மாட்டார். பாவம் அந்தப் பெண், சமைத்ததைவிட அதில்தான் அதிகம் களைத்தாள்.

மகன் தர்ஷன் கட்டாருக்கு வேலைக்குப் போகிற கிழமை, மாமன் வழியனுப்ப வந்து வழக்கம்போலப் பேப்பரை விரித்தார். பெடியனுக்குப் பொறுக்கவில்லை. தன் பழைய கேம் மிசினை ரீவியில் கொழுவி, கார் ரேசைப் போட்டு, ஆளுக்கொரு கொன்ரோலரைக் கையில் திணித்துவிட்டான். முதல் வளைவிலேயே இரண்டு காரும் மதிலில் போய் மோதின.

"பிறேக்கை அமத்து, மச்சான்!" என்று தங்கராசாவின் வாயிலிருந்து வந்துவிட்டது.

அதுதான் அத்தனை வருசத்துக்குப் பிறகு வந்த முதல் சொல். அதன்பிறகு இரண்டு பேரும் வாய் மூடவில்லை.

அன்றிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி ரேஸ். தோற்றவர் குசினியில் குந்தியிருந்து அன்றைய சமையலுக்கான தேங்காய் முழுவதையும் திருவ வேண்டும். போன வருசம் தோற்றது தங்கராசா. அவர் திருவத் திருவ, பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு சுதாகரன் சொன்ன வார்த்தை இன்னும் அவருக்குள் குத்திக்கொண்டிருந்தது: "உழவு மிசின் பிடிச்ச கை அத்தான். வளைவிலையும் உழுறியள்."

விடுவாரா? வருசம் முழுக்கப் பழகினார். வயலால் வந்து கால் கழுவ முதலே மிசினை ஒன் பண்ணுவார். பிறகு ஆயுத பூசை வந்தது. உழவு இயந்திரம், மண்வெட்டி, கத்தி, கோடாலி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாய் வைத்தவர், கொஞ்சநேரம் யோசித்தார். வடிவம்மா குசினியில் அவல் குழைத்துக்கொண்டு நின்ற சமயம் பார்த்து, உள்ளே போய் கேம் மிசினைத் தூக்கிவந்து கோடாலிக்குப் பக்கத்தில் வைத்தார். மச்சானை வெட்டி விழுத்துகிற சாமான் ஆயுதம் இல்லாமல் வேறென்ன? மற்றதுகளுக்கு விரலால் தொட்டுப் பொட்டு வைத்தவர், இதற்கு மட்டும் சந்தனத்தை அள்ளி, ஒன் பண்ணுகிற பொத்தானில் அப்பினார். மேலே குங்குமம். அதற்கும் மேலே செவ்வரத்தம்பூ. கடைசியில் மாவிலையால் மஞ்சள் தண்ணி தெளித்தார், தாராளமாய்.

பூசைக்கு வைத்ததை விசயதசமி வரை தொடக்கூடாது, தொடவில்லை. மறுநாள் மேலால் துடைத்துவிட்டுப் பொத்தானை அமத்தினார். ஒரு வெளிச்சமும் வரவில்லை.

முதலில் தனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்தார். தட்டினார். கவிழ்த்துத் தட்டினார். நெல்லோடு சேர்த்துப் பாயில் காயப்போட்டார். சைக்கிள் பம்பால் காற்றடித்தார். உழவு இயந்திரம் என்றால் கயிறு சுற்றி இழுக்கலாம், இந்தச் சனியனில் எங்கே பிடித்து இழுக்கிறது? கடைசியில் வீம்பை வீட்டில் வைத்துவிட்டு, மிசினைத் துவாயில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு முள்ளியவளைக்கு, ஹலீமின் திருத்துகிற கடைக்குப் போனார்.

ஹலீம் டொக்டர் மாதிரி. முதலில் கேள்வி, பிறகுதான் திருப்புளி. தண்ணி கிண்ணி பட்டதா என்று கேட்டான். சீச்சீ, இல்லை என்றார் தங்கராசா. யாரும் ஏதும் செய்தார்களா என்று கேட்டான். அலுமாரிக்கு மேல் சும்மா இருந்த சாமான், யார் என்ன செய்கிறது என்றார். பேரப்பிள்ளை காணுகிற வயதில் விளையாட்டுச் சாமானுக்குப் பூசை வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

பொய் சொன்ன நோயாளிக்கு என்ன மருந்து கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. ஹலீம் மிசினின் பின்பக்கத்தைத் திறந்தான். வயர் நல்லம், பியூஸ் நல்லம், கறண்ட் வருகிறது. முன்பக்க மூடியைக் கழற்றினால் பழைய பிளாஸ்ரிக் உடைந்துவிடும் என்று அதை மட்டும் தொடவில்லை. தங்கராசா இரண்டு நாளைக்கு ஒருக்கால் வந்து பார்த்துப் பார்த்துப் போனார். தீபாவளிக்கு முந்தின கிழமை ஹலீம் கையை விரித்தான். உள்ளே பெரிய போர்ட் போயிருக்கும், வவுனியாவில் சொல்லித்தான் எடுக்கவேண்டும், தீபாவளிக்கு முதல் சரிவராது.

தங்கராசா அப்படியே கடை வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். தோற்பது அவருக்குப் பெரிதில்லை. தேங்காய் திருவியாவது தொலைக்கலாம். மச்சான் வந்து, விறாந்தையில் இருந்து, பழையபடி அந்தப் பேப்பரைக் கையில் எடுத்துவிடுவானே என்றுதான் அவருக்குப் பயம் பிடித்தது.

அந்த முகத்தைப் பார்த்த ஹலீம் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. எரிஞ்ச மிசின் எண்டால் எரிஞ்ச மணம் வரும். உங்கட மிசின் கோயில் மணம் மணக்குது. முதல் நாள் உங்கட பொட்டு எண்டு நினைச்சன். இண்டைக்கு நீங்கள் வர முந்தியே கடை முழுக்க மணந்தது."

தங்கராசா நிலத்தைப் பார்த்தார். "பூசைக்கு வைச்சனான்," என்றார்.

"எதையண்ணை?"

"இதைத்தான்."

ஹலீம் சிரிக்கவில்லை. தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் பின்னால் போனான், வர வெகுநேரம் எடுத்தது. வந்தபோது கண் சிவந்திருந்தது. முன்பக்க மூடியைப் பக்குவமாய்க் கழற்றினான். பொத்தானுக்குக் கீழே சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது, நடுவில் ஒரு செவ்வரத்தம் இதழும் ஒட்டியிருந்தது. அமத்தினால் பொத்தான் எங்கே போய் முட்டும்? பழைய பல்துலக்குகிற பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்துக் கழுவினான். பொத்தானை அமத்தியதும் வெளிச்சம் வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேலை என்று ஹலீம் ஏசினான். யாரிடமும் ஏச்சு வாங்காத தங்கராசா, வாய் முழுக்கச் சிரிப்போடு வாங்கிக்கொண்டார்.

தீபாவளியன்று சுதாகரன் வந்தார். மிசினில் வெளிச்சம் எரிந்தது, கார்கள் கோட்டில் நின்று உறுமின, இரண்டு பேரும் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்கள். கறண்ட் நின்றது. காட்டுக்கரையில் யானை போஸ்ட்டைச் சாய்த்துவிட்டதாம், எப்போது வரும் என்று தெரியாதாம்.

சுதாகரன் கொன்ரோலரை வைத்தார். கொஞ்சநேரம் நகத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பேப்பர் பக்கம் அவர் கை மெல்ல நீண்டது. தங்கராசா முந்திக்கொண்டார்.

"மச்சான், இந்த மிசினை நான் ஆயுத பூசைக்கு வைச்சனான்," என்றார்.

நீண்ட கை அப்படியே நின்றது. தங்கராசா ஒன்றையும் ஒளிக்கவில்லை. கோடாலிக்குப் பக்கத்தில் வைத்தது, சந்தனம் அப்பியது, ஹலீம் தண்ணி குடிக்கப் போனது, எல்லாவற்றையும் கொட்டினார். சுதாகரன் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், பூசையை நேரிலை செய்தனியளோ, போனிலையோ?"

தங்கராசாதான் முதலில் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணி வரச் சிரித்தார். குசினி வாசலில் நின்ற வடிவம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அது சிரிப்புக் கண்ணீர் மட்டுமில்லை.

தேங்காய் யார் திருவுவது என்று அடுத்த சண்டை. முடிவில் பக்கத்து வீட்டில் இன்னொரு திருவலை இரவல் வாங்கிவந்தார்கள். ஆளுக்குச் சமனாய்த் தேங்காய்களை உடைத்துப் பிரித்துவிட்டு வடிவம்மா தொடங்கச் சொன்னாள். வாயாலேயே கியர் மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் திருவினார்கள். கொஞ்சநேரத்தில் அறைக்குள் விளக்குப் பளிச்சென்று எரிந்தது.

"கறண்ட் வந்திட்டுது," என்றாள் வடிவம்மா.

ஒருவரும் எழும்பவில்லை. தங்கராசாவிடம் திருவ இன்னும் ஒரு தேங்காய்ப் பாதி இருந்தது, மச்சானிடம் இரண்டு.